622ல் தொடங்காத புதுக்கோட்டை

போன தை மாசம் அத்தை மகன் போன் பண்ணினார். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு, ஒரு குட்டியானை வண்டியில் மாவட்டம் முழுக்கக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"மாப்ள, அறந்தாங்கி எந்த ஜில்லா?"

"நம்ம ஜில்லாதான் மச்சான். ஏன்?"

"இந்த சாப்ட்வேரு இல்லங்குதே."

விஷயம் இதுதான். டெலிவரிக்கு ஒரு மென்பொருளை ஒரு மாசம் சோதனைக்கு எடுத்திருக்கிறார். ஆர்டர் வந்தால் வரைபடத்தில் புள்ளி வைக்கும், வண்டிக்கு வழி போட்டுக் கொடுக்கும், வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும். "புதுக்கோட்டை மாவட்டம் முழுதும்" என்று சொல்லி அமைத்துத் தரச் சொன்னால், அதை அமைத்தவர் பின்கோடு 622ல் தொடங்கினால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் தள்ளிவிடு என்று விதி எழுதிவிட்டார். எங்கேயோ உட்கார்ந்து செய்கிறவருக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். அறந்தாங்கிக்காரர்களுக்கெல்லாம் 'உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை' என்று பதில் போயிருக்கிறது. மூணு வாரம் கழித்து, பழைய வாடிக்கையாளர் ஒருவர் கோபமாகக் கூப்பிட்ட பிறகுதான் மச்சானுக்கே தெரிந்தது.

"நீதான் எதையாச்சும் தோண்டிக்கிட்டே இருப்பியே. இருக்கிற சாப்ட்வேரெல்லாம் பாத்து, எது தேவலைன்னு சொல்லு" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். விலைப் பட்டியலில் ஆரம்பித்து, வழக்கம்போல வரலாற்றில் போய் விழுந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

பின்கோடு யாருடைய எல்லை?

அறந்தாங்கியின் பின்கோடு 614616. ஆவுடையார்கோயில் 614618, மணமேல்குடி 614620, மீமிசல் 614621. எல்லாமே புதுக்கோட்டை மாவட்டம்தான். ஆனால் 614 என்பது தஞ்சாவூர்ப் பக்கத்து எண், பட்டுக்கோட்டை 614601. கந்தர்வகோட்டை 613301, அதாவது தஞ்சாவூர் நகரத்தோடு சேர்ந்த 613. விராலிமலை 621316, திருச்சிப் பக்கம். ஆலங்குடி (622301), கீரனூர் (622502), திருமயம் (622507), பொன்னமராவதி (622407) எல்லாம் 622.

இது ஏன் இப்படி? இரண்டு வருஷங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14. எண் முதலில் வந்துவிட்டது, மாவட்டம் அதற்கப்புறம்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. அறந்தாங்கியும் கந்தர்வகோட்டையும் சமஸ்தானத்தில் இருந்ததே இல்லை. அவை தஞ்சாவூர் மாவட்டத்து ஊர்கள். 1974ல் திருச்சியிலிருந்து கொஞ்சம், தஞ்சாவூரிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் இன்றைய மாவட்டத்தை ஒட்டினார்கள். கலெக்டர் ஆபீஸ் மாறியது, தபால் பை போகிற பாதை மாறவில்லை. ஆக, மச்சானுடைய மென்பொருள் 2020களில் உட்கார்ந்துகொண்டு 1974க்கு முந்தின எல்லையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

'அப்போ பின்கோடு என்பது பழைய ராஜாங்க எல்லைதான்' என்று முடிவு கட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விராலிமலை இடிக்கிறது. அது சமஸ்தானத்து ஊர்தான். இருந்தும் எண் திருச்சியோடு போகிறது. காரணம், அது திருச்சி - மதுரை சாலையில் இருக்கிறது. கீரமங்கலம் இன்னொரு சிக்கல். ஆலங்குடி வட்டத்தில் இருக்கிறது, ஆனால் எண் 614624. ஒரே வட்டத்துக்குள்ளேயே இரண்டு வரிசை.

பின்கோட்டை வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர், பல மொழி, பல எழுத்து. இதனால் தபால் தவறிப்போவதைத் தடுப்பதுதான் அவருடைய நோக்கம். முதல் இலக்கம் மண்டலம் (6 என்றால் தமிழ்நாடும் கேரளமும்), இரண்டாவது உள்மண்டலம், மூன்றாவது தபாலைப் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்கிற அஞ்சலகம். 'பிரிக்கிற மாவட்டம்' என்பதைக் கவனியுங்கள். வருவாய் மாவட்டம் வேறு, அது வேறு. ஒரு பையை எங்கே அவிழ்த்துப் பிரிப்பது சுலபம் என்ற கேள்விக்குக் கொடுத்த பதில்தான் அந்த மூன்று இலக்கம். அதை எடுத்து மாவட்ட எல்லையாகப் பயன்படுத்தினால் தப்பு எண்ணுடையது இல்லை, நம்முடையது.

'வழி' என்கிற வரி

பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். விலாசம் இப்படித்தான் இருக்கும்: இன்ன ஊர், இன்ன அஞ்சல், இன்ன ஊர் (வழி), இன்ன வட்டம், இன்ன மாவட்டம். எனக்குப் பிடித்தது அந்த '(வழி)'. அது இடத்தைச் சொல்லவில்லை. எப்படி வரணும்னு சொல்கிறது. கீழிருந்து மேலே படித்தால் தபால் பை வருகிற பாதை அப்படியே தெரியும். கிராமத்து விலாசம் என்பது தலைகீழாக எழுதின ஒரு பயணக் குறிப்பு.

புதுக்கோட்டை டவுனுக்கு வந்தால் கதை வேறு. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு, தெற்கு என்று நான்கு. அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. 'வடக்கு 4ஆம் வீதி' என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் திசையும் தூரமும் ஓரளவு பிடிபடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் தீக்கிரையான பிறகு, தஞ்சாவூர் ரெசிடென்ட் மேஜர் பிளாக்பர்ன் காலத்தில் நேர்க்கோட்டுத் தெருக்களாக எழுப்பப்பட்டது இந்த ஊர். 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷய்யா சாஸ்திரி அதை மேலும் சீராக்கினார். இன்று கட்டம் போட்டு எண் கொடுக்கிற புதுப்புது முறைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வடக்கு 4ஆம் வீதிதான் ஞாபகம் வரும்.

ஆக நம்ம மாவட்டத்திலேயே இரண்டு வகை விலாசம். டவுனில் கட்டம். கிராமத்தில் வழி. மென்பொருள்களில் பெரும்பாலானவை டவுன் விலாசத்தை நினைத்துச் செய்தவை.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

கட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. அதுவும் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஓர் அடிப்படைக் கோடு அளந்தார். பின்னாளில் இமயம் வரைக்கும் போன பெரும் முக்கோண நில அளவையின் ஆரம்பம் அது. முறை எளிமையானது. ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால், இரண்டு முனையிலிருந்தும் தூரத்தில் உள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணம் அளந்து, முக்கோணத்தை முடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். அதற்கு மேல் இன்னொன்று.

கோணம் அளக்க உயரம் வேண்டும். காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் தென்னையும் பனையும். அதனால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. லண்டனில் செய்த கருவி அது. வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பியது. அப்படி வந்த கருவிக்குத் தஞ்சாவூரில் இந்த கதி. லாம்டன் அதை முழுதாகக் கழற்றி, ஒரு பெரிய பலகையில் வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து நெளிந்த வட்டத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இன்றைக்கு மச்சான் போனில் தெரிகிற நீலப் புள்ளி செயற்கைக்கோளை நம்பி நிற்கிறது, உண்மைதான். ஆனால் 'இந்த நாட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண் சொல்லலாம்' என்ற எண்ணத்தை மண்ணில் இறக்கியது அந்தக் கயிறும் சங்கிலியும்தான்.

அதோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு அளவை நில வரிக்கானது. சர்வே எண், புலப்படம், பட்டா. ஒரு வயலின் எல்லை ஓர் அடி தவறினாலும் சண்டை வருகிற அளவுக்கு நுணுக்கமானது. ஆனால் அந்த வயலுக்கு நடுவில் யார் வீடு கட்டியிருக்கிறார், வாசல் எந்தப் பக்கம், மழை பெய்தால் வண்டி போகுமா என்பதை அது சொல்லாது. சொல்லவும் வேண்டியதில்லை. அது வரிக்காகப் போட்ட படம்.

மூன்று வரைபடங்கள்

இப்போது மென்பொருள்களுக்கு வருகிறேன். வெளியே எத்தனை கம்பெனிப் பெயர் இருந்தாலும், அடியில் இருக்கிற வரைபடம் பெரும்பாலும் நாலைந்தில் ஒன்றுதான். நான் பார்த்தது மூன்று.

முதலாவது எல்லாரும் அறிந்த கூகுள் மேப்ஸ், 2005ல் வந்தது. ஆரம்பத்தில் நம் நாட்டு ஊர்களில் சாலையே இல்லாத வெள்ளைக் காகிதமாக இருந்தது. அதற்காகத்தான் 2008ல் மேப் மேக்கர் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். அவரவர் ஊர்ச் சாலையை அவரவரே வரைந்தார்கள். 2017ல் அதை மூடிவிட்டார்கள். வரைந்ததெல்லாம் உள்ளேயே இருக்கிறது. கடைப் பெயர், போன் நம்பர், போக்குவரத்து நெரிசல் ஆகியவற்றில் இதை அடிக்க ஆள் இல்லை. தொழிலுக்குப் பயன்படுத்தினால் மாசம் ஓர் அளவு வரை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு கேள்விக்கும் காசு.

இரண்டாவது மேப்மைஇந்தியா, இப்போது மேப்பிள்ஸ் என்ற பெயரிலும் வருகிறது. 1995ல் ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதி டெல்லியில் தொடங்கியது. அவர்களுடைய தொடக்க கால வாடிக்கையாளர்களில் ஒன்று கோக-கோலா. பாட்டில் வண்டி எந்தக் கடைக்கு எப்படிப் போகணும் என்பதற்காக வரைபடம் கேட்டவர்கள். சரக்குப் போக்குவரத்து இந்த நிறுவனத்துக்குப் பிறவியிலேயே வந்தது என்று சொல்லலாம்.

மூன்றாவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். அங்கே அரசு நில அளவைத் துறையின் வரைபடத்துக்குக் காசு கேட்டதால், நாமே வரைவோம் என்று கிளம்பியது. விக்கிப்பீடியா மாதிரி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாராவது வரைந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆவுடையார்கோயில் பக்கம் பார்த்தேன். கண்மாய்கள் அழகாக இருக்கின்றன, சில குக்கிராமங்களுக்குப் பெயரே இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். 2021 பிப்ரவரி 15 வரைக்கும் இந்தியாவில் வரைபடத் தொழில் அனுமதிகளுக்கு நடுவில்தான் நடந்தது. அன்று வந்த புதிய வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியில்லாமல் வரைபடத் தரவு சேகரிக்கலாம் என்றன. அதற்குப் பிறகுதான் உள்ளூர் நிறுவனங்கள் இத்தனை முளைத்தன.

மூன்றிலும் ஒரே சோதனை செய்து பார்த்தேன். நம்ம ஆலங்குடி வட்டத்துக் கொத்தமங்கலத்தை ஆங்கில எழுத்தில் தேடினேன். எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதமங்கலத்துக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துத்தான். பெரிய ஊர் முன்னால் வந்து நிற்கிறது. முந்திரி கேரளாவுக்குக் கிளம்பிவிடும். அதை விடுங்கள், புதுக்கோட்டை என்றே தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. வேலங்கர் 1972ல் தீர்க்க நினைத்த அதே சிக்கல், இன்னும் உயிரோடு இருக்கிறது.

அஞ்சல் துறை இதற்குப் புதிதாக ஒரு பதில் வைத்திருக்கிறது. 2025 மே மாசம் அறிமுகமான டிஜிபின். நாட்டையே ஒரு பெரிய சதுரமாக எடுத்து, 16 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி 16 ஆக என்று பத்து முறை பிரிக்கிறார்கள். மொத்தம் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள். கடைசிக் கட்டம் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர், ஒரு திண்ணை அளவு. அதற்குப் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. மாவட்டம் பிரிந்தாலும் சேர்ந்தாலும் மாறாது. அறந்தாங்கிக் குழப்பம் இதில் வரவே வராது.

நல்ல விஷயம்தான். ஆனால் போனில் இருக்கிற ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதைவிட, கீரமங்கலத்துப் பூ வியாபாரி அம்மாவிடம் போய் 'உங்க பத்து எழுத்து என்னம்மா?' என்று கேட்டால், 'பிள்ளையார் கோயில் தாண்டி வந்து யாரையாச்சும் கேளு தம்பி' என்பார். அவருக்குத் தெரிந்த அந்த வழியை எந்தப் பெட்டியில் எழுதுவது? பல மென்பொருள்களில் அதற்குப் பெட்டியே இல்லை.

எந்த வரிசையில் போவது?

வரைபடம் ஒரு பாதி. அடுத்தது, பன்னிரண்டு வீட்டுக்குப் போகணும் என்றால் எதற்கு முதலில் போவது?

இரண்டு ஊருக்கு நடுவில் குறைந்த தூரப் பாதையைக் கண்டுபிடிக்கிற முறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், காகிதம் பேனா இல்லாமல், இருபது நிமிஷத்தில் யோசித்து முடித்தார். பல இடங்களுக்கு வண்டி அனுப்புவது வேறு கணக்கு. 1959ல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் பெட்ரோல் லாரிகளைப் பங்குகளுக்கு அனுப்புவதை வைத்து அதை முதலில் எழுதினார்கள். பன்னிரண்டு வீடு என்றால் சாத்தியமான வரிசைகள் 47 கோடியே 90 லட்சம். எல்லாவற்றையும் சரிபார்க்காமல் நல்லதாக ஒன்றைப் பிடிப்பதுதான் மென்பொருளின் சாமர்த்தியம்.

இதில் எல்லா நிறுவனமும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்த்தவரை வித்தியாசம் கணக்கில் இல்லை, கணக்குக்குள் போகிற விவரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தை, ஒரு மணிக்கு மேல் கடை சாத்துகிறவர், கண்மாய் நிறைந்தால் மூழ்குகிற தரைப்பாலம் என்று எதுவும் தெரியாமல் போட்ட வரிசை காகிதத்தில் மட்டும்தான் குறுகின வழி. மச்சானுடைய டிரைவர் தம்பி தினமும் அந்த வரிசையைக் கலைத்துப் போட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் ஏன் கலைத்தார் என்று எழுத இடமில்லை. 'வழி தவறினார்' என்று மட்டும் அறிக்கையில் வந்திருக்கிறது.

கவரின் முதுகு

இனி டிராக்கிங். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1961ஆம் வருஷத்துப் பதிவுத் தபால் உறை ஒன்று இருக்கிறது. மதராஸிலிருந்து ஆலங்குடிக்கு வந்தது. முன்பக்கம் விலாசம். பின்பக்கம் திருப்பினால் முத்திரை மேல் முத்திரை. மதராஸ் ஒன்று, திருச்சிராப்பள்ளி ஆர்.எம்.எஸ் ஒன்று, புதுக்கோட்டை ஒன்று, ஆலங்குடி ஒன்று. ஒவ்வொன்றிலும் தேதி. எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம்.

அதுதான் அந்தக் காலத்து டிராக்கிங். பயணத்தின் பதிவு பொருளின் மேலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கினவர் கையில் கடைசியில் அது இருந்தது.

பிறகு பதிவும் பொருளும் பிரிந்தன. 1974 ஜூன் 26ல், அதாவது நம்ம மாவட்டம் பிறந்த ஐந்து மாசத்தில், அமெரிக்காவில் ஒரு மளிகைக் கடையில் முதல் பார்கோடு வாசிக்கப்பட்டது. 1986 ஆகஸ்ட் 1ல் இந்தியாவில் ஸ்பீட் போஸ்ட் வந்தது. 1994ல் ஃபெடெக்ஸ் தன் இணையதளத்தில் வாடிக்கையாளரே பார்சலைத் தேடிப் பார்க்க வழி செய்தது. பதிவு பொருளைவிட வேகமாக, அதற்கு முன்னால் ஓட ஆரம்பித்தது.

ஸ்பீட் போஸ்ட் ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவுக்கான இரண்டு எழுத்து இருக்கும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் பொது வடிவம் அது. அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11லிருந்து கழித்தால் அது வரும். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆக ஒன்பதாவது இலக்கம் 5. (10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போடுவார்கள்.) உங்க ரசீதை எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்க. கவுண்டரில் ஓர் இலக்கம் தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் அங்கேயே கண்டுபிடித்துவிடும்.

இந்த வகை டிராக்கிங் பொருள் ஓர் இடத்தைத் தாண்டும்போது மட்டும் பதிவு செய்யும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்காது. 2000 மே 2ல் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை நீக்கியது. நூறு மீட்டர் வரை தவறிய புள்ளி சில மீட்டருக்குள் வந்துவிட்டது. அதன் பிறகுதான் தொடர்ந்து பார்க்கிற டிராக்கிங் சாதாரண வியாபாரிக்கும் எட்டியது. இதில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. முத்திரை பொருளைப் பின்தொடர்ந்தது. ஜிபிஎஸ் ஆளைப் பின்தொடர்கிறது.

நின்றுபோன புள்ளி

மச்சானுடைய சோதனை மாசத்தில் ஒரு நாள். ஆவுடையார்கோயில் தாண்டி வண்டிப் புள்ளி நாற்பது நிமிஷம் அசையவில்லை. மென்பொருள் சிவப்பில் காட்டியது: தேவையற்ற நிறுத்தம். மாசக் கடைசியில் அதற்கும் சேர்த்துப் பிடித்தம் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

டிரைவர் தம்பியிடம் கேட்டால், "அண்ணே, அங்க டவர் கிடைக்காதுண்ணே. நான் நாலு வீட்டுக்குக் குடுத்துட்டுத்தானே வந்தேன்" என்கிறார். நாலு வீட்டிலும் கேட்டால் பொருள் வந்திருக்கிறது.

செயற்கைக்கோளிலிருந்து இடம் தெரிந்துகொள்ள நெட்வொர்க் தேவையில்லை. தெரிந்ததை சர்வருக்குச் சொல்லத்தான் தேவை. நல்ல செயலி என்றால் டவர் இல்லாத நேரத்துப் புள்ளிகளைப் போனிலேயே சேர்த்து வைத்து, டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பும். இது அனுப்பவில்லை. கடைசியாகக் கேட்ட இடத்தையே 'இப்போது நிற்கிற இடம்' என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மென்பொருள் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல மறந்ததற்கு ஒரு பையன் சம்பளத்தில் கை வைக்கப் பார்த்தார்கள்.

எனக்கு 2018 நவம்பர் ஞாபகம் வந்தது. 16ஆம் தேதி கஜா புயல். தென்னையும் பலாவும் சாய்ந்து, கரண்ட் கம்பம் விழுந்து, செல்போன் டவர் செத்து, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் வெளியுலகத்தோடு தொடர்பே இல்லை. நாங்கள் சிலபேர் திருச்சியிலிருந்து அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு போனோம். போனில் நீலக் கோடு ஜம்மென்று போனது. சாலையில் மரம் கிடந்தது. பெரிய சாலையோரத்து ஊர்களில் நிவாரண வண்டிகள் வரிசைகட்டி நின்றன. மூணு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் போகவில்லை. அந்த ஊர்கள் வரைபடத்தில் இல்லாததால் அல்ல. எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று வெளியூர் டிரைவருக்குச் சொல்ல ஆள் இல்லாததால். ஆலங்குடியில் ஒரு டீக்கடைக்காரர் எங்கள் நோட்டில் ஒரு பக்கம் வரைந்து கொடுத்தார். கோயில், ஊருணி, ரைஸ் மில், எந்த இடத்தில் மரத்தை வெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது வரை. அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே சரியான வரைபடம் அதுதான். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்காமல் போனோமே என்று இன்றைக்கும் வருத்தம்.

மச்சானுக்குச் சொன்னது

கடைசியில் மச்சானுக்கு ஒரு பெயரைச் சொல்லவில்லை. நாலு கேள்வியைச் சொன்னேன். எந்த விற்பனைப் பிரதிநிதி வந்தாலும் இதைக் கேளுங்க என்றேன்.

ஒன்று, எல்லையை எதை வைத்துப் போடுகிறாய்? பின்கோடு என்றால் வேண்டாம். ஊர்ப் பட்டியலாகவோ, வரைபடத்தில் நாமே வரைகிற கோடாகவோ இருக்கணும். இரண்டு, முதல் தடவை போன வீட்டின் புள்ளியையும் 'பிள்ளையார் கோயில் தாண்டி' என்ற குறிப்பையும் டிரைவரே சேமிக்க முடியுமா? சேமித்தது நமக்குச் சொந்தமா? வேறு மென்பொருளுக்கு மாறினால் எடுத்துக்கொண்டு போகலாமா? மூன்று, டவர் இல்லாதபோது என்ன செய்யும்? வரைபடம் போனிலேயே இறங்கியிருக்குமா? புள்ளிகளைச் சேர்த்து வைக்குமா? நான்கு, டிரைவர் ஏன் வழி மாறினார் என்று அவர் குரலிலேயே பதிய இடம் இருக்கிறதா?

நாலாவதுக்கு 'இருக்கிறது' என்று சொன்னவர்கள் குறைவு. பார்க்கிற வசதி எல்லாரிடமும் இருக்கிறது. கேட்கிற வசதிதான் கம்மி. நம்ம மாதிரி, வழி சொல்லி வாழ்கிற ஊர்களில் நல்ல மென்பொருளுக்கு அடையாளம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது மச்சான் ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் ஓடுவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரைவர் தம்பியும் நானும் உட்கார்ந்து பெயரில்லாத குக்கிராமங்களுக்குப் பெயர் போடுகிறோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். போன வாரம் அறந்தாங்கி - ஆவுடையார்கோயில் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண் தடத்தைச் சேர்த்தோம். "மழைக்காலத்துல போகாதுன்னும் போடுங்கண்ணே" என்றார். அதற்கும் அதில் ஒரு பெட்டி இருந்தது. போட்டோம்.

அந்தப் பிடித்தத்தை மச்சான் செய்யவில்லை. சோதனை மாசம் முடிந்ததும் அந்த மென்பொருளைத்தான் நிறுத்தினார்.